இதயத் துடிப்பைச் சீராக்கும் மருந்துகள்: விலங்குச் சோதனைக்குப் பின்னரும் இ.சி.ஜி. ஏன்?

இதயத் துடிப்புச் சீரின்மைக்கு அமியோடரோன், சோட்டலால், பிளெக்கைனைடு போன்ற மருந்துகள் வழங்கப்படுகின்றன. இவற்றைத் தொடங்கிய பின்னும் இ.சி.ஜி. எடுக்கச் சொன்னால், "துடிப்புதான் சீராகிவிட்டதே" என்று நோயாளிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. துடிப்பைச் சீராக்கும் மருந்தே சிலருக்கு வேறொரு, ஆபத்தான சீரின்மையை உண்டாக்கக்கூடும் என்பதே விடை.

இதனைக் கண்டறியவே, மனிதருக்குத் தருமுன் மருந்துகள் விலங்குகளில் சோதிக்கப்படுகின்றன. எலி இதற்குப் பெரிதும் உதவுவதில்லை. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் மனித இதயத்தசை மின்னளவில் பழைய நிலைக்கு மீள, ஒரு குறிப்பிட்ட பொட்டாசியம் வழித்தடம் முக்கியமானது. எலியின் இதயம் அதனை அவ்வளவாகச் சார்ந்ததன்று. எனவே நாய், குரங்கு, முயல், கினிப்பன்றி ஆகியவை தேர்ந்தெடுக்கப்படுகின்றன. இ.சி.ஜி.யில் 'க்யூ-டி இடைவெளி' மருந்தினால் நீள்கிறதா என்று கவனிக்கப்படுகிறது. அது மிகுதியாக நீண்டால் 'டார்சாட் டி பாயின்ட்ஸ்' என்னும் கட்டுக்கடங்காத துடிப்பு தோன்றி, மயக்கமோ திடீர் மரணமோ நேரலாம். இச்சோதனைகளுக்கான எஸ்7பி என்னும் பன்னாட்டு வழிகாட்டுதல் 2005இல் வெளியானது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் விதித் திருத்தம், மனித உயிரணுக்கள், கணினி மாதிரிகள் வழியான சோதனைகளுக்கும் இடமளித்துள்ளது.

ஆயினும் சோதிக்கப்படும் விலங்குகள் பெரும்பாலும் நலமானவை. மாரடைப்பினால் தழும்பேறிய இதயம் அவற்றுக்கு இல்லை. 1989இல் வெளியான 'காஸ்ட்' ஆய்வு இவ்வேறுபாட்டின் விலையைக் காட்டியது. மாரடைப்பு வந்தவர்களுக்கு என்கைனைடு, பிளெக்கைனைடு ஆகியவை கூடுதல் துடிப்புகளை நன்றாகவே அடக்கின. ஆனால் அவற்றைப் பெற்றோரில், வெற்று மாத்திரை பெற்றோரைவிட அதிகமானோர் இறந்தனர். ஆய்வின் அப்பகுதி நிறுத்தப்பட்டது. மாரடைப்பு வந்தவர்களுக்கு பிளெக்கைனைடு இன்று தவிர்க்கப்படுவது இதனாலேயே. ஆகவே, முன்பு மாரடைப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் மறவாமல் கூறவும்.

உடலில் பொட்டாசியம் குறைந்தாலும் க்யூ-டி இடைவெளி நீளும். வயிற்றுப்போக்கோ தொடர் வாந்தியோ இருந்தால் உடனே மருத்துவரை அணுகவும். எரித்ரோமைசின், சிப்ரோபிளாக்சசின், டோம்பெரிடோன் போன்ற வழக்கமான மாத்திரைகளும் இவ்விடைவெளியை நீட்டக்கூடியவை. மருந்துக் கடையில் தாமாக வாங்கி உட்கொள்ள வேண்டாம். துடிப்பு மருந்தைத் தாமாக நிறுத்துவதும் கூடாது. புதுக்கோட்டை மாவட்டத்தின் சிற்றூர்களிலிருந்து வருவோர், பழைய இ.சி.ஜி. தாள்களை உடன் கொண்டு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க இயலும். புதிய தாள் மட்டும் பாதிச் செய்தியையே சொல்லும்.

மருந்து உட்கொள்பவர் திடீரென மயங்கி விழுந்தால், தானாகத் தெளிந்துவிட்டாலும், 108 ஆம்புலன்சை அழைத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்.