மலைமழையும் புரவியின் காலும்

சேர்வராயன் மலைத்தொடரின் வடபால் அதியமானின் தகடூர். தென்கிழக்கே வல்வில் ஓரியின் கொல்லிமலை. கிழக்கே பெண்ணையாற்றங்கரையில் மலையமான் திருமுடிக்காரியின் கோவலூர். இவ்வள்ளல்களுள் இருவரைச் சிறுபாணாற்றுப்படை அவர்தம் குதிரைகளோடு சேர்த்தே நினைவுகூர்கிறது. காரியின் குதிரைக்குக் காரி என்றே பெயர். ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். மன்னனும் மாவும் ஒரே பெயரால் வழங்கிய நிலம் இது. புரவியின் கதியையும், கொய்த பிடரியையும், கழுத்தணியையும் புலவர்கள் விரித்துப் பாடினர். ஆயின் அதே புரவியின் காலில் மயிர் உதிர்ந்து, தோல் செதில் செதிலாய் உரிந்த ஒரு சிறு வட்டத்தைப் பாடுவோர் அரியர். அவ்வட்டத்தை ஒவ்வொரு காலமும் எவ்வாறு பொருள்கொண்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வந்தேறிய விலங்கு

தமிழகத்தின் வெப்பமும் ஈரமும் குதிரைக்கு இயல்பானவை அல்ல. ஆதலின் உயர்ந்த குதிரைகள் பெரும்பாலும் கடல் வழியே வந்தன. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் இடம்பெறுகின்றனர். பாண்டிய நாட்டுக் குதிரை வாணிகத்தைப் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் விரிவாக எழுதியுள்ளார். ஆண்டுக்கு 10,000 குதிரைகள் மாபாருக்கு ஏற்றுமதியாயின என்றும், ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் விலை வகுக்கப்பட்டது என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் அரசக் கருவூலமே விலை கொடுத்தது என்றும் அவர் குறிக்கிறார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, குதிரைகளைப் பேணத் தெரிந்தோர் இங்கு இல்லாமையால் அவை ஆண்டுதோறும் பெருமளவில் மடிந்தன என்று எழுதினார். குதிரை மருத்துவம் அறிந்தோர் இங்கு வந்துவிடாதபடி வணிகர்களே தடுத்தனர் என்பது அவர் சுமத்தும் குற்றச்சாட்டு. குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும்!

அயலார் இருவரின் கூற்றையும் எழுத்துக்கு எழுத்து ஏற்க வேண்டுவதில்லை. ஆயினும் ஓர் உண்மை அவற்றுள் தெளிவாகிறது. பொன் கொடுத்து வாங்கிய விலங்கின் உடலை அறியும் அறிவு, பொன்னோடு கப்பலேறி வரவில்லை.

சுழி பார்த்த கண்

அவ்வறிவு இம்மண்ணில் அறவே இல்லை எனவும் கூறுதல் இயலாது. சாலிகோத்திரர், நகுலன் ஆகியோர் பெயரால் வழங்கும் பரிநூல்கள் வடமொழியில் உண்டு. நகுலன் பெயரிலான அசுவசாத்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952இல் வண்ணப் படங்களுடன் பதிப்பித்தது. குதிரையின் நிறம், பல், நடை, குரல் ஆகியவற்றோடு மயிர்ச்சுழிகளின் இலக்கணமும் இத்தகைய நூல்களில் விரிவாகப் பேசப்படும். எவ்விடத்துச் சுழி உடையவனுக்கு ஆக்கம், எவ்விடத்துச் சுழி கேடு என்பது வாங்குவோன் முதலில் பார்க்கும் கணக்கு. 'சுழி சுத்தம்' என்னும் வழக்கு மாட்டுச் சந்தையிலும் குதிரைச் சந்தையிலும் இன்றும் வாழ்கிறது.

இக்கண்ணுக்கு ஓர் ஆற்றலும் உண்டு; ஒரு குறையும் உண்டு. விலங்கின் உடலை அங்குலம் அங்குலமாக நோக்கப் பழக்கியது அதன் ஆற்றல். நோக்கிய குறியை விலங்கின் துன்பமாகக் கொள்ளாது, உடையவனின் ஊழாகக் கொண்டது அதன் குறை. காலில் மயிர் உதிர்ந்த குதிரை, நோயுற்ற குதிரையாகாமல் ஆகாத குதிரையாகிவிட்டது. மருந்திட வேண்டியதைக் கைமாற்றி விட்டனர்.

மலைக்கு ஏறிய குதிரை

19ஆம் நூற்றாண்டில் குதிரை சேலம் மாவட்டத்தில் வேறொரு வாழ்வு பெற்றது. அந்நாளில் இம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஓசூரில், 1824இல் படைக்குதிரைகளுக்கான பண்ணை நிறுவப்பட்டது. அக்காலத்தை ஒட்டியே சேலம் ஆட்சியர் எம். டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார். தோட்டங்கள் பெருகின, ஏற்காடு ஊராயிற்று. மோட்டார் வண்டி ஓடும் பாதை அமையும் முன்னர், மலையேறுவோர்க்குத் தம் கால், பிறர் தோளில் ஏறும் நாற்காலி, மட்டக்குதிரை ஆகியவையே துணை.

ஏற்காடு சேலம் நகரைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்தது. சமவெளி காய்ந்து கிடக்கும்போதும் இங்கே மூடுபனி தவழும். நாள் கணக்கில் நனையும் காலில், குளம்பை ஒட்டிய கணுவின் தோல் ஊறி மென்மையாகிறது. சேறு அதைத் தேய்க்கிறது. காவலிழந்த தோலில் கிருமி குடியேறுகிறது. ஈரமலைகளில் குதிரைக்கு வரும் கால்தோல் நோய்களின் அடிப்படை இதுவே.

மழையின் பெயர் கொண்ட நோய்

இந்தியக் குதிரைகளிடையே மழைக்காலத்தில் தோன்றிய ஆறாப் புண் ஒன்றுக்குப் 'பர்சாத்தி' என்று பெயர். வடநாட்டு மொழிகளில் மழையைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது பிறந்தது. காரணம் தெரியாத நோய்க்குக் காலத்தின் பெயரையே மக்கள் சூட்டினர். காலிலும் வயிற்றின் அடிப்புறத்திலும் தோன்றிய இப்புண்ணைக் கண்டு ஆங்கிலேயப் படையின் கால்நடை மருத்துவர்கள் திகைத்தனர். புற்று என்றார் சிலர். தொழுநோய் என்றார் வேறு சிலர். 1884இல் பிரடெரிக் சுமித் அதன் நோய்க்கூற்றை ஆராய்ந்து எழுதினார்.

பர்சாத்தி என்பது ஒரே நோயன்று என்பது பின்னரே விளங்கிற்று. ஒரு வகைக்குக் காரணம் ஈ சுமந்து வந்து புண்ணில் விடும் நுண்புழு. அப்புழுவைப் பம்பாயின் வீட்டு ஈக்களில் எச். ஜே. கார்ட்டர் 1861இலேயே கண்டு எழுதியிருந்தார். ஆயின் ஈயின் உடலில் கண்ட புழுவையும் குதிரையின் காலில் கண்ட புண்ணையும் இணைத்துப் பார்க்க மேலும் அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. மற்றொரு வகைக்குக் காரணம் தேங்கிய நீரில் வாழும், பூஞ்சையை ஒத்த ஒரு நுண்ணுயிர். நீரில் நீந்தும் அதன் வித்துகள், அந்நீரில் நிற்கும் விலங்கின் காயத்தைப் பற்றுகின்றன. பித்தியம் இன்சிடியோசம் என்னும் இன்றைய பெயர் அதற்கு 1987இல்தான் கிடைத்தது. மழையைச் சொன்ன பழம்பெயர் பிழையன்று, முழுமையன்று, அவ்வளவே.

ஒரு வட்டம், பல காரணங்கள்

புண்ணாகாது, மயிர் உதிர்ந்து செதில் மட்டும் தோன்றும் வட்டங்களின் கதை இன்னும் நுட்பமானது. வட்டமாய்ப் பரவி, ஓரத்தில் மயிர் முறிந்து நின்றால் அது பெரும்பாலும் படர்தாமரை. இத்தகைய நோய்க்குப் பூஞ்சை காரணம் என்பதை மனிதர் தலையில் தோன்றும் சொறியைக் கொண்டு டேவிட் குரூபி 1840களில் பாரிசில் நிறுவினார். ஒரு குதிரையைத் தேய்த்த குரப்பமும், ஒன்றன்மேல் இட்ட சேணமும் மற்றொன்றுக்கு அதைக் கொண்டு செல்லும்; பேணும் மனிதன் கையிலும் அது தொற்றும். தொடர்மழைக்குப் பின் மயிர்க்கற்றை தூரிகைபோல் ஒட்டிப் பொருக்கோடு உரிந்தால் அது வேறொரு நுண்ணுயிரின் வேலை. 1915இல் காங்கோ நாட்டில் முதன்முதல் விவரிக்கப்பட்டது. குதிரை காலை ஓயாது தரையில் உதைத்தால் உண்ணியினும் நுண்ணிய சொறிப்பூச்சியை ஐயுற வேண்டும். இவை எதுவுமின்றிக் கட்டுக்கயிறு உராய்ந்தும் மயிர் உதிரலாம்.

காரணம் வேறாயின் மருந்தும் வேறாகும். பூஞ்சைக்குரிய மருந்து பூச்சியைக் கொல்லாது. கயிற்றின் உராய்வுக்குக் கயிற்றைத் தளர்த்துவதே மருந்து. அறியாது இட்ட சூடும், காரமும், எண்ணெயும் எத்தனை கால்களைக் கெடுத்தன என்பதற்குக் கணக்கில்லை. வட்டம் பரவியபோது பழியேற்றவன் பெரும்பாலும் இலாயத்தில் படுத்துறங்கிய குதிரைக்காரனே. அவன் ஈரத்தைத் துடைக்கவில்லை என்றனர். அவனுக்கு உலர்ந்த வைக்கோலும் உலர்ந்த தரையும் கொடுத்தோமா என்று கேட்டவர் குறைவு.

1903ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சென்னை வேப்பேரியில், டாபின் மண்டபம் என்னும் சிறு கட்டடத்தில், 20 மாணவர்களோடு கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கும் முறை அதன்வழித் தமிழகத்தின் ஊர்களுக்குப் பரவியது. சுழி பார்த்த அதே கண், இப்போது செதிலைப் பார்த்தது. பார்க்கும் பொறுமை பழையது. கேட்கும் கேள்வி மட்டுமே புதியது. 'இதனால் எனக்கு என்ன ஆகும்?' என்பது போய், 'இதற்கு என்ன ஆயிற்று?' என்பது வந்தது.

நோய்க்குப் படர்தாமரை என்று பெயரிட்ட மொழி தமிழ். நீர்ப்பரப்பில் இலை விரிவது போலத் தோலில் விரியும் நோயைக் கண்டவன், நெடுநேரம் உற்றுநோக்கியே அப்பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். அவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. காரியையும் ஓரியையும் பாடிய மரபில், குனிந்து குதிரையின் காலைத் துடைத்த அவனுக்கும் ஓரிடம் உண்டு.