செம்பும் வெள்ளியும் சொன்ன செய்தி

செம்மை நிறத்தால் செம்பு என்றும் வெண்மை நிறத்தால் வெள்ளி என்றும் பெயரிட்டனர் நம் முன்னோர். ஆயின், அந்நிறங்கள் அமைந்த காரணம் யாது? உலோகத்தினுள் எலெக்ட்ரான்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை அறிந்த பின்னரே இதற்கு விடை கிடைத்தது. அவ்விடையின் வரலாறு எதிர்பாராத ஒரு நிகழ்ச்சியில் தொடங்குகிறது.

1887ஆம் ஆண்டு, செருமனியின் கார்ல்சுரூ நகரில் ஹென்றிக் ஹெர்ட்சு மின்காந்த அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். புற ஊதா ஒளி பட்டபோது, கருவியின் இடைவெளியில் மின்பொறி எளிதாகப் பாய்வதைக் கண்டார். அவர் தேடியது அதுவன்று, காரணமும் விளங்கவில்லை. எனினும், கண்டதைக் கண்டவாறே எழுதி வெளியிட்டார்.

1897இல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்தார். ஒளி பட்ட உலோகத்திலிருந்து வெளியேறுபவை எலெக்ட்ரான்களே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஒளியின் செறிவைக் கூட்டினால் அவற்றின் எண்ணிக்கை கூடுகிறதேயன்றி வேகம் கூடுவதில்லை என்று 1902இல் லெனார்டு காட்டினார். ஒளி ஆற்றல் துகள்களாக வருகிறது. ஒரு துகளின் ஆற்றலில் ஒரு பகுதி எலெக்ட்ரானை விடுவிக்கச் செலவாக, எஞ்சியது அதன் இயக்க ஆற்றலாகிறது என 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். இதனை ஏற்க மனமில்லாத அமெரிக்க அறிஞர் மில்லிகன் பல்லாண்டுகள் ஆய்ந்தார். 1916இல் அவர் வெளியிட்ட அளவீடுகளோ ஐன்ஸ்டைனின் சமன்பாட்டையே உறுதி செய்தன.

அச்சமன்பாடே பின்னர் ஆய்வுக் கருவியாயிற்று. செலுத்திய ஒளியின் ஆற்றல் தெரியும். வெளிவந்த எலெக்ட்ரானின் ஆற்றலை அளக்கலாம். இரண்டின் வேறுபாடு, அது உலோகத்தினுள் எந்நிலையில் இருந்தது என்பதைக் கூறிவிடும். சுவீடனின் உப்சாலாவில் கை சீக்பான் 1950களில் ஊடுகதிர்களைக் கொண்டு இம்முறையை நுண்மையாக வளர்த்தார். 1981இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். 1964இல் பெர்க்லண்டும் சுபைசரும் புற ஊதா ஒளியால் செம்பையும் வெள்ளியையும் ஆராய்ந்து ஆய்வுரைகள் வெளியிட்டனர்.

செம்பில், நெருக்கமாக அமைந்த ஓர் எலெக்ட்ரான் கூட்டம், நிரம்பிய நிலைகளின் மேல் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 2 எலெக்ட்ரான் வோல்ட்டு கீழே உள்ளது. பச்சை, நீல ஒளிகள் அதனை மேலெழுப்பி உட்கவரப்படுகின்றன, சிவப்பு மீள்கிறது. வெள்ளியில் அக்கூட்டம் ஏறத்தாழ 4 எலெக்ட்ரான் வோல்ட்டு ஆழத்தில் உள்ளது. கண்ணுக்குப் புலனாகும் எவ்வொளிக்கும் அதனை எழுப்பும் ஆற்றல் இல்லை. ஆதலின் எல்லா நிறமும் மீண்டு வெண்மையாகிறது.

ஹெர்ட்சு 1894இல், தம் 36ஆம் வயதில் மறைந்தார். எலெக்ட்ரான் கண்டறியப்பட்டதை அவர் அறியார். பயன் தெரியாத போதும் உண்மையைப் பதிவு செய்த அவ்வொழுக்கமே, பின்வந்தோர்க்கு உலோகத்தின் உள்ளமைப்பைக் காணும் வழியைத் திறந்தது. மாணவர் மனங்கொள்ளத்தக்கது இதுவே.