'இல்லை' என்று சொல்லாமல் மறுக்கும் சொற்கள்

ஆங்கிலத்தில் எதிர்மறை என்றதும் 'நோ', 'நாட்' என்னும் சொற்களே நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றின் துணையின்றியே எதிர்மறை உணர்த்தும் இணைப்புச் சொற்கள் இரண்டு உண்டு. ஒன்று 'லெஸ்ட்', மற்றொன்று 'அன்லெஸ்'. 'குறைவாக' என்று பொருள்படும் 'லெஸ்' என்ற சொல்லே இரண்டிற்கும் தாய்.

முதலில் 'லெஸ்ட்' பிறந்த கதையைப் பார்ப்போம். 899இல் மறைந்த ஆல்ஃபிரட் மன்னர் காலத்து ஆங்கிலத்தில் 'தி லேஸ் தே' என்றொரு தொடர் வழங்கியது. 'அதனால் அது குறையும்படி' என்பது அதன் பொருள். நாளடைவில் முன்னிருந்த 'தி' உதிர்ந்தது. எஞ்சிய இரண்டும் ஒட்டி 'லெஸ்ட்' ஆயின. 'நேராதபடி' என்ற பொருளும் நிலைத்தது. 'ஹோல்ட் த லேடர் லெஸ்ட் ஹி ஃபால்' என்றால், 'அவன் விழுந்துவிடாதபடி ஏணியைப் பிடி' என்பதாம். 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில் இச்சொல் பல இடங்களில் வருகிறது. இன்றைய பேச்சில் அருகிவிட்டது.

'அன்லெஸ்' அதற்குப் பிற்பட்டது. 15ஆம் நூற்றாண்டில் 'ஆன் லெஸ்' என்றே வழங்கியது. 'இதற்குக் குறைந்த நிபந்தனையில் நடவாது' என்பது கருத்து. 'ஆன்' என்பது பின்னர் 'அன்' எனத் திரிந்தது. மறுப்பைக் காட்டும் 'அன்' என்ற முன்னொட்டின் சாயல் அதற்குக் காரணமாயிற்று.

இந்த வரலாறு நமக்கு எதற்கு? சொல்லுக்குள்ளேயே மறுப்பு அடங்கியிருப்பதால், அதையடுத்து இன்னொரு 'நாட்' சேர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். 'அன்லெஸ் யூ பே' என்றால் 'நீங்கள் கட்டாவிட்டால்'. 'அன்லெஸ் யூ டோன்ட் பே' என்றாலோ, 'நீங்கள் கட்டாமல் இருந்தாலொழிய' என்றாகிவிடுகிறது! நம் 'ஒழிய' என்ற சொல்லும் இத்தகையதே. அதில் 'இல்லை' என்ற சொல் கிடையாது. ஆயினும் விலக்கைச் சொல்கிறது.

பெற்றோர்களே, ஆங்கிலத்தில் வரும் காப்புறுதிப் பத்திரத்திலோ வங்கிக் கடிதத்திலோ 'அன்லெஸ்' என்ற சொல் கண்ணில் பட்டால் சற்று நில்லுங்கள். அதை அடுத்து வரும் வினையைச் 'செய்யாவிட்டால்', 'கட்டாவிட்டால்' என்று மாற்றிப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். பல ஆண்டுகள் தவணை கட்டிச் சேர்த்த பயன் அந்த ஒரு சொல்லில் தங்கியிருக்கக்கூடும். கையெழுத்திடுமுன் அதன் பொருளைத் தெரிந்துகொள்வோம்.