புரொஜெக்டர் (இசைத்தொகுப்பு)

புரொஜெக்டர் என்பது சுவீடனின் கோத்தென்பர்க் நகரைச் சேர்ந்த டார்க் டிராங்க்விலிட்டி என்னும் மெலோடிக் டெத் மெட்டல் இசைக்குழு 1999-இல் வெளியிட்ட நான்காவது முழுநீள இசைத்தொகுப்பு ஆகும். பத்துப் பாடல்கள் கொண்ட இத்தொகுப்பில்தான் அக்குழுவின் பாடகரான மிகேல் ஸ்டானே உறுமற்குரலோடு தம் இயல்பான பாடுகுரலையும் பரவலாகக் கையாண்டார்; பியானோவும் மின்னணுக் கருவிகளும் கிட்டார்களுக்கு இணையான இடத்தைப் பெற்றதும் இதில்தான். குழுவின் இசைவாழ்வில் இதைவிடத் துணிவான திருப்பம் வேறொன்று இல்லை.

மாற்றத்தின் அளவை உணர்வதற்கு இவ்வகை இசையின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். டெத் மெட்டல் என்பது 1980-களில் அமெரிக்காவில் உருப்பெற்ற வன்மையான ராக் இசைவகை. தாழ்ந்த சுருதிக்கு இறக்கப்பட்ட மின்கிட்டார்கள், இடைவிடாத டிரம்ஸ் அடி, தொண்டையின் ஆழத்திலிருந்து எழும் உறுமல் ஆகியவை அதன் அடையாளங்கள். மெய்யான குரல்நாண்களுக்கு மேலுள்ள போலிக் குரல்மடிப்புகளின் அதிர்வும் சேர்ந்து பிறக்கும் இந்த உறுமலுக்குத் தாளம் உண்டு, உச்சரிப்பு உண்டு, ஆனால் தெளிவான சுருதி இல்லாததால் அது மெட்டைச் சுமக்க முடியாது. 1990-களின் முற்பகுதியில் கோத்தென்பர்க் இளைஞர்கள் பிரித்தானியக் குழுவான அயர்ன் மெய்டனின் இரட்டைக் கிட்டார் மரபை இந்த வன்மையோடு இணைத்து, இரு கிட்டார்களும் ஒரே மெட்டை வெவ்வேறு சுர இடைவெளிகளில் ஒத்திசைவாக வாசிக்கும் முறையை உருவாக்கியதிலிருந்து மெலோடிக் டெத் மெட்டல் பிறந்தது. குரல் உறும, பாடும் வேலையைக் கிட்டார்கள் ஏற்றுக்கொள்வதே அதன் எழுதப்படாத வேலைப்பிரிவினை.

அப்பிரிவினையைத் தொடக்கத்திலேயே வகுத்த குழுக்களுள் டார்க் டிராங்க்விலிட்டி ஒன்று. கோத்தென்பர்க்கின் தென்புறத்திலுள்ள பில்டாலில் 1989-இல் செப்டிக் பிராய்லர் என்ற பெயரில் தொடங்கிய இக்குழு, பெயர் மாற்றிக்கொண்ட பின் 1993-இல் ஸ்கைடான்சர் என்னும் முதல் தொகுப்பை வெளியிட்டது. அப்போது ஆண்டர்ஸ் ஃபிரிடேன் பாடகராகவும் ஸ்டானே கிட்டார் கலைஞராகவும் இருந்தனர். பின்னர் ஃபிரிடேன் விலக, ஸ்டானே பாடகரானார். அவர் விட்ட கிட்டாரைப் பிரெட்ரிக் யோஹான்சன் ஏற்றார். அதே நகரின் மற்றொரு குழுவான இன் ஃபிளேம்ஸின் முதல் தொகுப்பில் 1994-இல் விருந்தினராகப் பாடியவர் ஸ்டானே, அக்குழுவின் நிலையான பாடகராகப் பின்னர் அமைந்தவர் ஃபிரிடேன் என்பதிலிருந்து இந்த இசைச்சூழல் எவ்வளவு சிறியதாகவும் நெருக்கமானதாகவும் இருந்தது என்பது விளங்கும். 1995-இல் வந்த தி கேலரியில் நிக்லஸ் சுண்டீனும் யோஹான்சனும் கிட்டார் மெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே பாடலுக்குள் பல திருப்பங்களை வைத்து அமைத்த நுட்பம் இவ்வகையின் உச்சங்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. 1997-இல் வந்த தி மைண்ட்ஸ் ஐ அதே வழியை இன்னும் சுருக்கமாகவும் இறுக்கமாகவும் தொடர்ந்தது.

அதற்குள் வழி நெரிசலாகிவிட்டது. பிரெட்ரிக் நூர்ட்ஸ்ட்ரோமின் ஸ்டூடியோ ஃபிரெட்மன் என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் தி கேலரி பதிவானது. அட் தி கேட்ஸ் என்னும் குழுவின் ஸ்லாட்டர் ஆஃப் தி சோல், இன் ஃபிளேம்ஸின் தி ஜெஸ்டர் ரேஸ் ஆகியவையும் அங்கேயே பதிவாயின. அந்த ஒலியைப் பின்பற்றும் குழுக்கள் ஐரோப்பா எங்கும் முளைத்தன. 1996-இல் அட் தி கேட்ஸ் கலைந்தது. இன் ஃபிளேம்ஸ் தன் மெட்டுகளை எளிமையாக்கிப் பெருந்திரளான கேட்பவர்களை நோக்கி நகர்ந்தது. பின்லாந்தின் அமோர்ஃபிஸ் 1996-இலேயே எலெஜி தொகுப்பில் பாடுகுரலுக்கு இடமளித்திருந்தது. இங்கிலாந்தின் பாரடைஸ் லாஸ்ட் உறுமலைக் கைவிட்டு மின்னணு இசையை நெருங்கியிருந்தது. பிரான்சின் ஆஸ்மோஸ் நிறுவனத்திலிருந்து ஸெஞ்சுரி மீடியா நிறுவனத்துக்கு மாறிய டார்க் டிராங்க்விலிட்டி, ஸ்டூடியோ ஃபிரெட்மனிலேயே மீண்டும் பதிவுசெய்தபோதும் அங்கிருந்து வழக்கமாக வெளிவந்த ஒலியைத் தேடவில்லை. டெபெஷ் மோட் போன்ற பிரித்தானிய மின்னணு இசைக்குழுக்களின்பால் உறுப்பினர்களுக்கு இருந்த ஈடுபாடு இத்தொகுப்பில் வெளிப்படையாகவே கேட்கிறது.

ஸ்டானேயின் பாடுகுரல் பாரிட்டோன் எனப்படும் ஆண்குரல் வகையைச் சேர்ந்தது. கீழ் ஸ்தாயியில் நிதானமாக, சற்றே இருண்ட சாயலோடு ஒலிப்பது. குரலே மெட்டை எடுத்துக்கொண்டவுடன் கிட்டார்களின் பணி மாறியாக வேண்டும் என்பதைக் குழு தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தது. ஆக்‌ஷண்ட் என்னும் பாடலில் தொடக்கம் முழுவதும் தணிந்த இசையும் பாடுகுரலுமாகவே நகர, கிட்டார்கள் முன்போல் ஒன்றோடொன்று போட்டியிடாமல் பின்னணியில் நின்று காத்திருக்கின்றன. பாடல் திரண்டு எழும் இடத்தில்தான் உறுமல் வருகிறது. அங்கே உறுமல் வழக்கமான தொனியாக இல்லாமல் உணர்ச்சியின் உடைப்பாக ஒலிப்பதற்குக் காரணம், அதற்கு முன் கேட்ட அமைதியே. தேரின் பாடல் இரு குரல்களையும் ஒரே கட்டமைப்புக்குள் மாறிமாறிப் பிணைக்கிறது. மேடையில் குழுவினர் நெடுங்காலம் இசைத்துவரும் பாடல்களுள் அதுவும் ஒன்று. டே டு எண்ட் மின்னணுச் சாயலோடு, உறுமலே இல்லாமல் அமைந்தது. அன்டூ கன்ட்ரோலில் பெண்குரல் ஒன்றும் இணைகிறது. தி சன் ஃபயர்ட் பிளாங்க்ஸ் போன்ற பாடல்கள் பழைய வேகத்தையும் சீற்றத்தையும் தக்கவைத்துள்ளன என்றாலும், அவற்றிலும் ரிஃப் எனப்படும், திரும்பத் திரும்ப வாசிக்கப்படும் கிட்டார் சொற்றொடர்கள் முன்னைவிட எளிமையானவை.

இந்த எளிமையைச் சரிவாகக் கருதிய ரசிகர்கள் இருந்தனர். தி கேலரியின் அடர்ந்த பின்னலை விரும்பியவர்களுக்கு இதன் வெற்றிடங்கள் இழப்பாகவே தோன்றியதில் நியாயம் உண்டு. தொகுப்பின் பிற்பாதியில் சில பாடல்கள் புதிய வழிக்கும் பழைய வழிக்கும் இடையே முடிவெடுக்காமல் நின்றுவிடுவதும் உண்மை. ஆயினும் ஆக்‌ஷண்டில் கிட்டும் அழுத்தத்தைப் பழைய முறையில் எட்டியிருக்க இயலாது.

வெளியீட்டைத் தொடர்ந்து யோஹான்சன் விலகினார். பேஸ் கிட்டார் வாசித்துவந்த மார்ட்டின் ஹென்ரிக்சன் அவர் இடத்துக்கு மாற, மிக்கேல் நிக்லஸன் பேஸ் கலைஞராகவும் மார்ட்டின் பிரேண்ட்ஸ்ட்ரோம் கீபோர்டு கலைஞராகவும் சேர்ந்தனர். முழுநேரக் கீபோர்டு கலைஞர் ஒருவர் குழுவில் நிலைபெற்றதே புரொஜெக்டரின் நீடித்த விளைவு. அடுத்த ஆண்டு வந்த ஹேவன் முதல் இன்றுவரை, குழுவின் பாடல்களில் கிட்டாரும் கீபோர்டும் மெட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. பாடுகுரலோ நேர்கோட்டில் வளரவில்லை. ஹேவனில் அது சுருங்கி, 2002-இன் டேமேஜ் டன், 2005-இன் கேரக்டர் ஆகியவற்றில் மறைந்து, 2007-இன் ஃபிக்‌ஷனில்தான் திரும்பியது. அதில் நார்வேயின் தியேட்டர் ஆஃப் டிராஜெடி குழுவின் பாடகி நெல் சிக்லாண்ட் ஒரு பாடலில் ஸ்டானேயோடு பாடினார். 2013-இன் கன்ஸ்ட்ரக்ட், 2016-இன் அட்டோமா ஆகியவற்றில் பாடுகுரல் உறுதியான இடம் பெற்றது.

2020-இல் சுண்டீனும் அதற்கடுத்த ஆண்டு டிரம்ஸ் கலைஞர் ஆண்டர்ஸ் யிவார்ப்பும் விலகியபின், தொடக்ககால உறுப்பினர்களில் ஸ்டானே ஒருவரே எஞ்சினார். யோஹான் ரெய்ன்ஹோல்ட்ஸின் கிட்டாரோடு 2024 ஆகஸ்ட் மாதம் வெளிவந்த எண்ட்டைம் சிக்னல்ஸ் தொகுப்பிலுள்ள ஒன் ஆஃப் அஸ் இஸ் கான் என்னும் பாடல், 2022-இல் புற்றுநோயால் காலமான யோஹான்சனின் நினைவாக இயற்றப்பட்டது. அவர் வாசித்த கடைசித் தொகுப்பில் வேரூன்றிய பாடுகுரலிலேயே ஸ்டானே அதைப் பாடியுள்ளார்.