அச்சணந்தி முதல் அப்பாண்டைராஜன் வரை
தமிழ்ச் சமணர் பெயரிடும் மரபு

தமிழ்ச் சமணர் பேசும் மொழி தமிழே. உடையிலும் உழவுத் தொழிலிலும் வீட்டின் அமைப்பிலும் அவர்கள் அயலாரினின்று பெரிதும் வேறுபட்டவர் அல்லர். திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் மாவட்டச் சிற்றூர்களில் ஒருவரை நயினார் குடியினர் என்று முதலில் அறிவிப்பது பெரும்பாலும் அவருடைய பெயரே. விருஷபதாசன், சிரேயாம்சகுமார், ஜினதத்தன், சன்மதி, அப்பாண்டைராஜன் போன்ற பெயர்களைப் பள்ளி வருகைப் பதிவேட்டில் காணும் ஆசிரியர் ஒரு கணம் நின்றே படிக்கிறார். அந்தத் தயக்கம் தம் மகனுக்கு நேரலாகாது என்று கருதி, எங்கும் வழங்கும் பெயரையே தேடும் பெற்றோரும் இன்று உளர். அரிய பெயர் குழந்தைக்குச் சுமையா, செல்வமா? முன்னோர் பெயரிடுதலை எவ்வாறு கருதினர் என்பதை அறிந்தால் இவ்வினாவுக்கு விடை கிட்டும்.

குடத்திலிட்ட திருநாமங்கள்

இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் ஜினசேனாசாரியர். அவர் இயற்றிய ஆதிபுராணம், கருவுறுதல் தொடங்கி வீடுபேறு ஈறாக 53 கிரியைகளை வகுத்துரைக்கிறது. அவற்றுள் 7ஆவது நாமகர்மம். குழந்தை பிறந்து 12 நாள் கடந்தபின், தாய் தந்தையர்க்கும் சேய்க்கும் உகந்த நன்னாளில் இது நிகழ்தல் வேண்டும்; இடும் பெயர் குலத்தை வளர்ப்பதாய் அமைதல் வேண்டும். மற்றொரு வழியும் அங்கே சொல்லப்படுகிறது. ஜினபகவானின் 1008 திருநாமங்களை ஏடுகளில் எழுதிக் குடத்திலிட்டு, அவற்றுள் ஒன்றை எடுத்துக் குழந்தைக்குச் சூட்டலாம்.

சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையைத் தமிழர் நன்கறிவர். ஊர்ச்சபைக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்க அங்கே பயன்பட்ட குடம், இங்கே குழந்தைக்குப் பெயரைத் தருகிறது. தந்தையின் விருப்போ, காலத்தின் நடைமுறையோ, அயலாருக்கு அழைக்க எளிதா என்னும் எண்ணமோ அதில் இடம்பெறுவதில்லை. ஏட்டில் எப்பெயர் வந்தாலும் அது பகவானின் ஒரு குணத்தைச் சொல்லும். பெயர் அரிதாயிருத்தல் குறையென்று கருதப்படவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

வாழ்த்தே பெயரானது

குணத்தைப் போலவே, பிறப்பின் சூழலும் பெயரைத் தந்ததுண்டு. திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணி இதனை அழகுறக் காட்டுகிறது. அமைச்சன் கட்டியங்காரன் சூழ்ச்சியால் மன்னன் சச்சந்தன் வீழ, அரசி விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பிச் சுடுகாட்டில் இறங்குகிறாள். அங்கேயே மகனை ஈன்றெடுக்கிறாள். இறந்த தன் மகவை எடுத்துக்கொண்டு அவ்விடம் வந்த வணிகன் கந்துக்கடன், உயிருள்ள இக்குழந்தையைக் கண்டு கையிலேந்துகிறான். குழந்தை தும்முகிறது, ‘சீவ’ என்னும் வாழ்த்தொலி எழுகிறது. ‘வாழ்க’ என்பது அதன் பொருள். அவ்வாழ்த்தே அவனுக்குச் சீவகன் என்னும் பெயராகிறது. தந்தையை இழந்து, நாட்டை இழந்து, பிணங்களுக்கிடையே பிறந்த குழந்தைக்கு உலகம் முதலில் அளித்த உடைமை அப்பெயரே.

இறுதித் தீர்த்தங்கரரின் பெயர்களும் இவ்வகையினவே. செல்வமும் சிறப்பும் பெருகப் பிறந்தமையால் வர்த்தமானர் ஆனார். ஐயமுற்றிருந்த சஞ்சயர், விசயர் என்னும் இரு சாரண முனிவர், குழந்தையைக் கண்ட அளவிலேயே ஐயம் நீங்கிச் சன்மதி என்று பெயரிட்டனர் என உத்தரபுராணம் கூறும். மகாவீரர் என்பது அஞ்சாமைக்குக் கிடைத்த பெயர்.

மலையில் பொறித்த பெயர்

வடசொற்களாய் வந்த பெயர்களைத் தமிழ்ச் சமணர் தம் நாவிற்கேற்பத் தமிழாக்கிக்கொண்டனர். ஆரியநந்தி அச்சணந்தியானார், வச்சிரநந்தி வச்சணந்தியானார். ‘நந்தி’ என்னும் இறுதி துறவியர் மரபைக் குறிப்பது. நன்னூல் செய்த பவணந்தியும் அம்மரபினரே. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்குத் தீர்த்தங்கரர் பெயரால் நேமிநாதம் என்றும், பாட்டியல் நூலுக்குத் தம் ஆசிரியர் பெயரால் வச்சணந்திமாலை என்றும் பெயரிட்டார்.

ஆனைமலை, கருங்காலக்குடி, உத்தமபாளையம், வள்ளிமலை எனப் பல குன்றுகளில் அச்சணந்தியின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. மதுரையை அடுத்த கீழக்குயில்குடிச் சமணர்மலையில், பேச்சிப்பள்ளம் என்னுமிடத்தில் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டொன்று, குணமதியார் என்னும் அம்மையார் ஒரு திருமேனியைச் செய்வித்த செய்தியைக் கூறுகிறது. அச்சணந்தியின் தாயார் என்றே அவர் அதில் குறிக்கப்படுகிறார். தொட்டிலில் அத்தாய் தம் மகனை எப்பெயரிட்டு அழைத்தார் என்று கல் சொல்லவில்லை. மகன் ஒழுக்கத்தால் பெற்ற பெயரே தாய்க்கு அடையாளமாயிற்று.

அப்பாண்டை

உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள திருநறுங்கொண்டைக் குன்றில் பார்சுவநாதர் அப்பாண்டைநாதர் என்னும் திருப்பெயரோடு எழுந்தருளியிருக்கிறார். அப்பெயரைச் சூடிய அப்பாண்டைராஜன் சென்னைக்குச் சென்றால் அயல் தமிழர் பொருள் கேட்பர்; வடநாட்டுச் சமணரிடம் சென்றால் அவரும் பொருள் கேட்பர். தமிழும் சமணமும் கூடிய இடத்திலன்றி அப்பெயர் பிறந்திருக்க இயலாது. ஒரு குன்றையும் ஒரு கோயிலையும் ஒரு சிறு சமூகத்தின் நெடிய வரலாற்றையும் அது ஒருசேரத் தாங்கி நிற்கிறது. சூட்டுவார் இல்லையெனில் நூலில் மட்டுமே அது எஞ்சும்.

ஆயினும் பெயர் மட்டுமே போதாது. பெற்றோர் இட்ட ஸ்ரீபால் என்னும் பெயரோடு, உயிர்ப்பலியை எதிர்த்து ஆற்றிய தொண்டினால் ‘ஜீவபந்து’ என்னும் சிறப்பையும் பெற்றார் டி. எஸ். ஸ்ரீபால். உயிர்களின் உறவினர் என்பது அதன் பொருள். இட்ட பெயர் ஒன்று. ஈட்டிய பெயர் மற்றொன்று. முன்னது பெற்றோர் கடன். பின்னது மகனின் கடன்.

பொருள் சொல்லித் தரப்படாத பெயரே குழந்தைக்குச் சுமையாகிறது. தன் பெயர் எம்மலையிலிருந்து வந்தது, எந்தத் தீர்த்தங்கரரின் குணத்தைச் சொல்வது என்பதை ஐந்து வயதிலேயே கேட்டறிந்த சிறுவன், ஆசிரியர் பதிவேட்டைப் பார்த்துத் தயங்கும்போது நாணித் தலைகுனிய மாட்டான். எழுந்து நின்று, தன் பெயரைத் திருத்தமாகச் சொல்லி, அதன் பொருளையும் சொல்வான். அவ்வகுப்பில் உள்ளோர் திருநறுங்கொண்டையைப் பற்றிக் கேள்விப்படுவது அன்றே முதன்முறையாக இருக்கக்கூடும்.