எழுத்துச்சரமும் வரையறை கூறா எல்லையும்

சி என்னுங் கணினிமொழி 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் தெனிஸ் றிச்சி என்பவரால் ஆக்கப்பெற்றது. அதன் முன்னோடியாகிய பி.சி.பி.எல். மொழியில் ஓர் எழுத்துச்சரத்தின் நீளம் அதன் முதற்கண்ணே எண்ணாகக் குறிக்கப்பட்டிருந்தது. கென் தொம்சனின் பி மொழியும், அதன்வழி வந்த சி மொழியும் நீளத்தைக் குறியாது, சரம் முடியுமிடத்தில் ஓர் ஈற்றுக்குறியை இட்டமைந்தன. சியில் அக்குறி சுழியப் பெறுமானமுடைய ஒரு பைற்று. எண்ணிக்கைக்கென ஒதுக்கிய சிற்றிடம் சரத்தின் அளவைக் கட்டுப்படுத்திற்று என்பதையும், எண்ணிக்கையைப் பேணுதல் வசதிக் குறைவானது என்பதையும் இதற்குக் காரணங்களாக றிச்சியே 1993இல் எடுத்துரைத்தார்.

இச்சிறு மாற்றத்தால் விளைந்தவை பெரியன. சரத்தைப் படியெடுக்கும் 'ஸ்ரர்கொப்பி' என்னுஞ் சார்புக்கு இரு முகவரிகளே தரப்படும். பெறுமிடம் எவ்வளவு கொள்ளும் என்பதை அஃது அறியாது. ஒரு வரியை உள்வாங்கும் 'கெற்ஸ்' இதனினுந் தீயது. 1988 நவம்பர் 2ஆம் நாள் வெளிப்பட்ட மொறிஸ் புழு, 'ஃபிங்கர்' சேவையில் 512 பைற்றுக்கென ஒதுக்கிய இடத்துள் 536 பைற்றுக்களைச் செலுத்திற்று. மேலதிகமானவை மீள்முகவரியை அழித்தெழுத, கணினியின் கட்டுப்பாடு புழுவின் கைப்பட்டது.

1983இல் அமைந்த அமெரிக்க நியமக் குழு 1989இல் தன் நியமத்தை வெளியிட்டது. எல்லை கடந்தெழுதுதலும், ஒன்றன்மேலொன்று கவிந்த இடங்களிடையே 'ஸ்ரர்கொப்பி', 'மெம்கொப்பி' ஆகியவற்றாற் படியெடுத்தலும் அதில் 'வரையறுக்கப்படாத நடத்தை' எனப்பட்டன. கவிந்த இடங்களுக்கு 'மெம்மூவ்' என்னும் வேறொரு சார்பு வகுக்கப்பட்டது. வெளிப்படையாக வரையறை கூறாது விட்டனவும் அவ்வகையினவே என்றது நியமம். நம் இலக்கண நூலார், கூறாதனவற்றைக் கூறியவற்றாற் கொள்க எனப் புறனடை வகுப்பர். இங்கோ, கூறாது விட்டதற்கு எப்பயனும் விளையலாம் என்பதே விதி! பல்வேறு பொறிகளின் வேறுபாட்டையும் வேகத்தையும் கருதுவார்க்கு இதன் நியாயம் விளங்கும்.

எனினும் எழுதிவைத்தல் மட்டும் போதுமோ? 2010இல் 'ஜிலிப்சி' நூலகம் 'மெம்கொப்பி'யை விரைவுபடுத்த முனைந்து, சில பொறிகளில் இறுதியிலிருந்து படியெடுக்குமாறு மாற்றியது. ஃபெடோரா 14இல் 'ஃபிளாஷ்' ஒலி சிதைந்தது. கவிந்த இடங்களில் அச்சார்பை வழங்கிய நிரல் அதுகாறும் தற்செயலாகவே சரிவர இயங்கியிருந்தது. நியமம் அதனை விலக்கி ஏறத்தாழ இருபதாண்டுகளாயின என நூலகத்தார் வாதித்தனர். பயனாளர்க்கு நேற்றுவரை இயங்கியது இன்று கெடலாகாது என்றார் லினஸ் ரோவால்ட்ஸ். ஏட்டின்படி வழக்கு நூலகத்தார் பக்கமே. ஆயினும் ரோவால்ட்ஸின் கூற்றையே நாம் ஏற்கத் துணிகின்றோம். கேடுற்ற பயனாளர் அந்நியமத்தைக் கண்டவருமல்லர், நிரலை எழுதியவருமல்லர். 2011இல் வெளிவந்த 2.14ஆம் பதிப்பில், முன்னர்த் தொகுக்கப்பட்ட நிரல்களுக்குப் பழைய நடத்தையே கிடைக்க வழி செய்யப்பட்டது.

அவ்வாண்டின் சி நியமத்தில் 'கெற்ஸ்' அறவே நீக்கப்பட்டது. புழு பரவி அப்போது 23 ஆண்டுகள் கழிந்திருந்தன. 'ஸ்ரர்கொப்பி' இன்றும் நியமத்தில் உள்ளது.