கப்பல் சீட்டுதான் நிவாரணம்

கோவிட் முடக்கத்தின்போது, 2020 மார்ச் 27 அன்று மலேசியாவின் அன்றைய பிரதமர் முகிதீன் யாசின் அறிவித்த 25,000 கோடி வெள்ளி பிரிஹாத்தின் நிவாரணத் திட்டம் நம் விவசாயக் குடும்பங்களுக்கு என்ன செய்தது என்பதே இந்த வாரத்துக்கான கதை. மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் போகாத வருமானமுள்ள குடும்பத்துக்கு 1,600 வெள்ளி. ஏப்ரலில் ஆயிரம், மே மாதத்தில் அறுநூறு. கிள்ளானில் கீரைப் பாத்தி போட்டவர் வங்கிக் கணக்கிலும் அது விழுந்தது. அந்தப் பணத்தின் அருமை புரிய, முதலில் 1930க்குப் போக வேண்டும்.

1925இல் ஒரு ராத்தல் ரப்பர் ஒரு வெள்ளிக்கு மேல் விற்றது. 1932இல் பத்துக் காசுக்கும் கீழே. தோட்டத்தில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாள்கூலி வெட்டுப்பட்டு, ஆணுக்கு 28 காசு வரை இறங்கியது. பல தோட்டங்களில் வேலையே இல்லை. அன்றைய பிரிட்டிஷ் அரசாங்கம் என்ன நிவாரணம் கொடுத்தது? கப்பல் சீட்டு!

1907இல் தொடங்கிய குடியேற்ற நிதி கையில் இருந்தது. ஆள் கணக்குப் பார்த்துத் தோட்ட முதலாளிகள் கட்டிய பணம். தமிழ்நாட்டிலிருந்து கங்காணி ஆள் கூட்டி வர அந்த நிதிதான் செலவு செய்தது. பஞ்சம் வந்தபோது திருப்பி அனுப்பியதும் அதே நிதிதான். 1930 முதல் 1932 வரை ஏறத்தாழ 190,000 இந்தியர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். இதைக் கருணை என்று நான் எழுத மாட்டேன். வேலையற்றவருக்கு இங்கேயே சோறு போடுவதைவிடத் தளச் சீட்டு மலிவு. 1934இல் ரப்பர் விலை தலைதூக்கியதும் மறுபடி ஆள் எடுத்தார்களே, அது போதாதா சாட்சிக்கு?

அந்தப் பஞ்ச காலத்தில் தோட்டங்களில் மூண்ட கோபம் 1941இல் கிள்ளானில் வெடித்தது. ஆர். எச். நாதனை இன்றைய பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? 'தமிழ் நேசன்' துணையாசிரியர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் உயிர்நாடி. போரினால் ரப்பருக்குக் கிராக்கி ஏறியிருந்தும் கூலி ஏறவில்லை. சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி கொடு, கள்ளுக்கடையை மூடு, எங்கள் பெண்களிடம் கை நீட்டாதே, பிள்ளைகளுக்குப் பள்ளி வை என்று தோட்டம் தோட்டமாகக் கேட்டார்கள். எனக்கு அதில் பெரிதாகப் படுவது சைக்கிள் கோரிக்கை. துரையோ கிராணியோ எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். இனி இறங்க மாட்டோம் என்றார்கள். காசு கேட்பதைவிட இதற்குத் துணிச்சல் அதிகம் வேண்டும். கங்காணிக்கும் துரைக்கும் குனிந்த முதுகுகள் நிமிர்ந்தது அந்த வரியில்தான்.

மே தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தார்கள். வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுக்கப் பரவியது. மே 16 அன்று அவசர நிலை அறிவித்து, இந்தியப் படையினரையே தமிழர்கள் மீது ஏவினார்கள். ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். அவருக்கும் கப்பல்தான்! உயர் ஆணையர் ஷெண்டன் தாமஸை நான் மன்னிக்கத் தயாரில்லை. ஏழு மாதத்தில் ஜப்பான்காரன் கோத்தாபாருவில் இறங்கியபோது ஓடிய ஆட்சிக்கு, நிராயுதபாணிகளிடம் மட்டும் வீரம் இருந்தது.

இப்போது 2020க்கு வாருங்கள். உதவித் தொகை குடிமக்களுக்கு மட்டும். தோட்டத்திலேயே வாழ்ந்து மூப்படைந்தும் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு நிற்கும் தமிழர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. இவர்களை யாரும் கப்பலேற்றவில்லை, உண்மைதான். பணமும் கொடுக்கவில்லை.

கேமரன் மலையில் டன் கணக்கில் கொட்டப்பட்ட காய்கறியும், ஏப்ரல் 20 அன்று கம்பி வேலிக்குள் போன செலாயாங் மொத்தச் சந்தை வட்டாரமும் அடுத்த வாரம்.

(தொடரும்)